ஒரே செடி, இரண்டு அளவு வித்திகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வித்து, வித்தி, விதை, ஸ்போர்: இவையெல்லாம் ஒன்றுதானா?

ஒன்றல்ல. ஆனால் குழம்பியவரைக் குறை சொல்ல முடியாது. தமிழில் 'வித்து' என்றால் தொன்றுதொட்டு விதைதான். பாடநூல் எழுதியவர்களில் சிலர் ஸ்போருக்கும் அதே சொல்லை எடுத்து வைத்துவிட்டார்கள். சிலர் 'வித்தி' என்றார்கள். சிலர் ஸ்போர் என்றே விட்டுவிட்டார்கள். இங்கே ஸ்போர் என்ற பொருளில் 'வித்தி' என்று மட்டும் எழுதுகிறேன். விதை என்றால் விதை.

வித்தி என்பது ஒற்றைச் செல். குன்றல் பகுப்பில் பிறப்பதால், தாய்ச்செடியின் செல்லில் உள்ள குரோமோசோம்களில் பாதிதான் அதில் இருக்கும். உள்ளே கரு கிடையாது. விதையில் கரு உண்டு, அதற்கான உணவு உண்டு, மேலே உறை உண்டு. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரியது. அந்தத் தொலைவைத் தாவரங்கள் எந்த வழியில் கடந்தன என்பதற்கான விடைதான் இருவகை வித்திகள்.

வித்தி முளைத்தால் அதே செடி வந்துவிடுமா?

வராது. நிலத் தாவரங்களின் வாழ்க்கை இரண்டு உடல்களில் மாறிமாறி நடக்கிறது. பெரணி என்று நாம் பார்ப்பது வித்தித் தாவரம். அதன் வேலை வித்திகளை உண்டாக்குவது. வித்தி முளைத்து வருவது வேறோர் உடல். இதய வடிவில், நகத்தைவிடச் சிறியதாக, ஈரமண்ணோடு ஒட்டிக் கிடக்கும் பச்சைத் தகடு அது. பாலணுத் தாவரம் என்று பெயர். அதில்தான் விந்தணுவும் முட்டையும் உண்டாகின்றன. இரண்டும் சேர்ந்தால் மறுபடி பெரணி.

இந்த இரண்டு உடல்களையும் மனத்தில் பிரித்து வைத்துக்கொள்ளாவிட்டால் கீழே வரும் எதுவும் விளங்காது. மாணவர்கள் இந்தப் பாடத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரண்டு வகை வித்திகள் என்றால் எப்படி வேறுபடும்?

பெரும்பாலான பெரணிகள் ஒரே அளவுள்ள வித்திகளைத்தான் உண்டாக்குகின்றன. சில செடிகளோ ஒரே உடலில் இரண்டு அளவுகளில் உண்டாக்குகின்றன. சிறியது நுண்வித்தி, பெரியது பெருவித்தி. செலாஜினெல்லா என்ற விதையில்லாச் சிறு செடியில் நுண்வித்தி சுமார் 20 முதல் 60 மைக்ரோமீட்டர். பெருவித்தி 200 முதல் 600 மைக்ரோமீட்டர். குறுக்களவில் பத்து மடங்கு என்றால் கொள்ளளவில் ஆயிரம் மடங்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்களுக்கு வேறுபாட்டின் வீச்சு பிடிபடுவதில்லை.

எண்ணிக்கை இதற்கு நேர்மாறு. வித்திகள் உண்டாகும் பைக்கு வித்திக்கலன் என்று பெயர். செலாஜினெல்லாவின் ஒரு பெருவித்திக்கலனில் வழக்கமாக நான்கே வித்திகள்; நுண்வித்திக்கலனில் நூற்றுக்கணக்கில். ஐசோயிடிஸ் என்ற நீர்க்கரைச் செடியில் ஒரே நுண்வித்திக்கலனில் லட்சக்கணக்கான வித்திகள் இருக்கும்.

முளைத்தபின் வரும் வேறுபாடுதான் முக்கியம். நுண்வித்தியிலிருந்து விந்தணு மட்டும் உண்டாக்கும் பாலணுத் தாவரம் வரும். பெருவித்தியிலிருந்து முட்டை மட்டும் உண்டாக்கும் பாலணுத் தாவரம் வரும்.

அப்படியானால் சிறியது ஆண் வித்தி, பெரியது பெண் வித்தி என்று சொல்லிவிடலாமே?

தேர்வில் சொன்னால் மதிப்பெண் கிடைக்கும். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. வித்தி பாலணு அல்ல. அது எதனோடும் சேர்வதில்லை. அதிலிருந்து வரும் உடலுக்குத்தான் பால் உண்டு. வித்தியை ஆண் என்று அழைக்கத் தொடங்கினால் அடுத்த அடியில் மகரந்தத்தை விந்தணு என்று அழைப்போம். அந்தப் பிழை செய்தித்தாள்களில்கூட வருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. மார்க்கான்ஷியா போன்ற ஈரல்வடிவத் தாவரங்களில் ஆண் உடலும் பெண் உடலும் தனித்தனி. பாலைத் தீர்மானிப்பவை குரோமோசோம்கள்; ஒரு குன்றல் பகுப்பில் பிறக்கும் நான்கு வித்திகளில் இரண்டு ஆணுடலாகும், இரண்டு பெண்ணுடலாகும். ஆனால் நான்கும் ஒரே அளவு. பால் பிரிந்திருக்கிறது என்பதற்காக அதை இருவகை வித்தி என்று யாரும் சொல்வதில்லை. செலாஜினெல்லாவில் நிலைமை தலைகீழ்: வித்தி பிறக்கும்போதே, அது பிறந்த கலனைப் பொறுத்து, விதி எழுதப்பட்டுவிடுகிறது. பால்குரோமோசோமுக்கு அதில் வேலை இல்லை.

ஒரே வகை வித்தி உள்ள பெரணிகளில் ஆண், பெண் யார் என்பது எப்படி முடிவாகிறது?

பல இனங்களில் ஒரே தகட்டில் இரண்டும் உண்டாகும். சிலவற்றில் நடப்பது வேடிக்கையானது. செரட்டாப்டெரிஸ் என்ற பெரணியில் முதலில் முளைக்கும் வித்தி விந்தணுவும் முட்டையும் உண்டாக்கும் தகடாக வளர்கிறது. வளரும்போதே ஒரு வேதிப்பொருளைச் சுற்றுப்புறத்தில் கசியவிடுகிறது. ஆந்தரிடியோஜன் என்று அதற்குப் பெயர். பின்னால் முளைக்கும் வித்திகள் அந்த வாசனை பட்டவுடன் ஆணாக மட்டும் வளர்கின்றன. முந்தியவருக்குப் பந்தி, பிந்தியவர் விந்தணு கொடுப்பதோடு சரி. இங்கே எல்லா வித்திகளும் ஒரே அளவு. முளைத்தபின் எடுக்கும் முடிவு இது. இருவகை வித்திச் செடிகள் அதே முடிவை ஒரு தலைமுறை முன்னதாக, தாயின் உடலிலேயே எடுத்துவிடுகின்றன.

இன்று எந்தெந்தச் செடிகளில் இருவகை வித்திகள் உண்டு?

விதை இல்லாதவற்றில் பட்டியல் சிறியது. செலாஜினெல்லா (700-க்கு மேற்பட்ட இனங்கள், அத்தனையும் இருவகை), ஐசோயிடிஸ், பிறகு நீர்ப்பெரணிகள்: ஆரைக்கீரை எனப்படும் மார்சிலியா, பிலுலேரியா, ரெக்னெல்லிடியம், சால்வினியா, அசோலா. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெரணி இனங்களில் இந்த நீர்ப்பெரணிகள் நூறுகூடத் தேறாது.

விதைத் தாவரங்கள் எல்லாமே இருவகை வித்திகள் கொண்டவை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெறும் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். இந்தப் பாடத்தைப் படத்தில் மட்டும் படிப்பது வீண்.

செலாஜினெல்லாவின் கிளை நுனியில் சிற்றிலைகள் நான்கு வரிசையாக நெருங்கி அடுக்கிய கூம்பு இருக்கும். முதிர்ந்த கூம்பு ஒன்றை வெள்ளைத்தாளில் வைத்து, ஊசிமுனையால் ஒவ்வோர் இலையாக விலக்குங்கள். ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் ஒரு கலன். சிலவற்றின் மேற்பரப்பு மழுமழுவென்று இருக்கும். கீறினால் தூள் கொட்டும், தாளில் ஒரு கறைபோலப் படியும். வேறு சில சற்றுப் பெருத்து, மேடுபள்ளமாக இருக்கும். சுருக்குப்பையில் கோலிக்குண்டு போட்டு இறுக்கிக் கட்டினால் துணிக்கு வெளியே குண்டுகள் புடைத்துத் தெரியுமே, அப்படி. கீறினால் உருண்டைகள் தாளில் உருளும். எண்ணிப் பாருங்கள்: நான்கு. கைக்கண்ணாடி இல்லாமலே எண்ணலாம்.

ஆரைக்கீரை இன்னும் நல்ல காட்சி. அதன் காம்படியில் மிளகளவில் கறுத்த, கெட்டியான உறைக்காய்கள் இருக்கும். நீர் புகாத ஓடு. பிளேடால் ஓரத்தில் சிறிது சீவி, தண்ணீர்த் தட்டில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு காய் இரண்டாகப் பிளந்து, உள்ளிருந்து கண்ணாடிபோன்ற ஒரு கூழ்ப்புழு வெளியே வரத் தொடங்கும். அது நீண்டுகொண்டே போகும். இத்தனை நீளம் இந்தக் காய்க்குள் எப்படி அடங்கியிருந்தது என்று தோன்றும். அதன் இருபுறமும் சிறு பைகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பையிலும் வெண்முத்துகளாகப் பெருவித்திகளும், அவற்றை ஒட்டிப் பொடியாக நுண்வித்திகளும். நனைந்த நுண்வித்தி ஒவ்வொன்றும் சுமார் 11 மணி நேரத்தில் 32 விந்தணுக்களை உண்டாக்கிவிடும். பெருவித்தியைச் சுற்றிக் கூழ் ஒன்று சுரந்து புனல்போல நிற்கும். விந்தணுக்கள் அதற்குள் மொய்க்கும். காலையில் தண்ணீரில் போட்டால் மறுநாளைக்குள் கருவுறுதல் முடிந்துவிடும். உலர்தாவரத் தொகுப்புகளில் நூறாண்டு கிடந்த காய்களும் இப்படி உயிர்த்தெழுந்திருக்கின்றன.

ஒரே செடி, ஒரே மரபணுக்கள். இரண்டு அளவு எப்படி வருகிறது?

பெரும்பாலும் பலிகொடுத்து.

செலாஜினெல்லாவின் இளங்கலன்களைப் பார்த்தால் எது எதுவாகும் என்று சொல்ல முடியாது. இரண்டிலும் வித்தித் தாய்ச்செல்கள் பல இருக்கின்றன. நுண்வித்திக்கலனில் பெரும்பாலான தாய்ச்செல்கள் குன்றல் பகுப்படைந்து ஒவ்வொன்றும் நான்கு வித்திகளைத் தரும். பெருவித்திக்கலனில் ஒரே ஒரு தாய்ச்செல் மட்டும் பகுப்படைகிறது. மற்றவை கரைந்து அதற்கு உணவாகின்றன. அதனால்தான் நான்கு.

ஆரைக்கீரை வேறு நேரத்தில் வெட்டுகிறது. அங்கே பெருவித்திக்கலனிலும் எல்லாத் தாய்ச்செல்களும் பகுப்படைந்து வித்திகள் பிறந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அழிகின்றன. பிழைத்த அந்த ஒன்று கலன் முழுவதையும் அடைத்துக்கொண்டு வளர்கிறது. விளைவு ஒன்றுதான்: பலருக்குப் பிரிய வேண்டிய உணவு ஒருவருக்குப் போகிறது. வழிதான் வேறு. இரண்டு குலங்களும் இதைத் தனித்தனியாகக் கண்டடைந்தன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

பெருவித்தியில் அத்தனை உணவு எதற்கு?

அந்த இதய வடிவத் தகட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அது தன் உணவைத் தானே வெயிலில் தயாரிக்க வேண்டும். நிழல் அதிகமானால் சாகும், காய்ந்தால் சாகும். பெருவித்தி அந்தத் தொல்லையையே நீக்கிவிட்டது. பாலணுத் தாவரம் வித்தியின் சுவருக்குள்ளேயே வளர்கிறது. தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றைத் தின்கிறது. சுவர் விரிசல் விடும் இடத்தில் முட்டைகளை மட்டும் வெளிக்காட்டுகிறது. கருவுற்றபின் பிறக்கும் கருவும் அதே மூட்டையிலிருந்துதான் வளர்கிறது. நுண்வித்திக்கு இந்தச் செலவு தேவையில்லை. சில விந்தணுக்களை உண்டாக்கிவிட்டால் அதன் வேலை முடிந்தது.

இதற்கு டேவிட் ஹெய்க், மார்க் வெஸ்டோபி என்ற உயிரியலாளர்கள் இருவரும் 1988-ல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். எனக்கு ஏற்புடையதாகப் படுவது அதுவே. முதலில் ஒரே வகை வித்திகள்தான். கருவுக்கு உணவு கூடுதலாக இருந்தால் நல்லது என்பதால் அவை மெல்லப் பெருக்கின்றன. ஓரளவுக்குமேல் பெருத்தபின், விந்தணு கொடுப்பதற்கு மட்டும் இத்தனை பெரிய வித்தி வீண்செலவு. அப்போது சிறிய வித்திகளைப் பேரளவில் தூவும் செடிக்கு ஆதாயம். கூட்டத்தில் சிறியவை பெருகப் பெருக, பெரியவை முட்டைக்கென்றே ஒதுங்கிவிடுகின்றன.

தன் கருவுறுதலைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று படித்தேனே?

பாதி உண்மை. ஒரே பாலணுத் தாவரத்தின் விந்தணுவும் முட்டையும் சேர முடியாது என்பது சரி. ஒருவகை வித்திப் பெரணியில் அது முடியும். அப்படிப் பிறக்கும் பெரணியின் எல்லா மரபணுக்களும் இரட்டைப் பிரதியாக ஒன்றேபோல இருக்கும். ஆனால் இருவகை வித்திச் செடியில் ஒரே தாயின் பெருவித்தியும் நுண்வித்தியும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்து சேர்வதை எது தடுக்கிறது? ஒன்றும் இல்லை. ஆரைக்கீரையின் காய் இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டியே அனுப்புகிறது.

இங்கே கிளைக்கதை ஒன்று. ஒருவகை வித்திப் பெரணிகளின் பாலணுவில் குரோமோசோம் எண்ணிக்கை சராசரியாக 57. இருவகையில் 13-ஐ ஒட்டி என்று கிளெகோவ்ஸ்கி, பேக்கர் இருவரும் 1966-ல் கணக்கிட்டார்கள். தன் கருவுறுதலால் ஏற்படும் ஒரேசாயலை ஈடுகட்ட முன்னது குரோமோசோம்களைப் பெருக்கிக்கொண்டது என்பது அவர்கள் ஊகம். எண்கள் நின்றன, ஊகம் பின்னாளில் வந்த மரபணு ஆய்வுகளில் நிற்கவில்லை.

இதில் நட்டமே இல்லையா?

உண்டு. ஒருவகை வித்திப் பெரணியின் ஒரே ஒரு வித்தி காற்றில் கடல்தாண்டிப் போய் ஒரு தீவில் விழுந்தாலும் போதும், அங்கே ஒரு குடியேற்றம் தொடங்கலாம். இருவகையில் இரண்டும் ஒரே ஈரத்தில் விழ வேண்டும். பெருவித்தியோ காற்றில் நெடுந்தூரம் போக முடியாத அளவுக்குக் கனமானது. அசோலா இதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கிறது: அதன் நுண்வித்திகள் கூழ்க்கட்டிகளாகத் திரண்டு மிதக்கும். பல இனங்களில் அந்தக் கட்டியின்மேல் நங்கூரம் போன்ற கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை பெருவித்தியின் மேற்பரப்பில் மாட்டிக்கொள்ளும். பிறகு இரண்டும் சேர்ந்தே மூழ்கும்.

இது எப்போது தோன்றியது? ஒருமுறைதானா?

பலமுறை. குறைந்தது பதினொரு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கும் என்பது பலரும் சொல்லும் கணக்கு.

கனடாவின் நியூ பிரன்சுவிக்கில் கிடைத்து 1974-ல் விவரிக்கப்பட்ட சாலூரியா என்ற புதைபடிவச் செடி, மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. டெவோனியக் காலத்தது, ஏறக்குறைய 39 கோடி ஆண்டுகள். பேரினோஃபைட்டன் என்ற புதைபடிவத்தில் ஒரே கலனுக்குள் இரண்டு அளவும் கலந்து கிடக்கின்றன. இன்று உயிரோடு இருக்கும் எந்த இருவகை வித்திச் செடியும் அப்படிச் செய்வதில்லை. டெவோனியத்தின் பிற்பகுதியில் காடுகளாக நின்ற ஆர்க்கியாப்டெரிஸ் மரங்களும் இருவகை. பின்னர் நிலக்கரிக் காடுகளின் லெப்பிடோடென்ட்ரான் மரங்கள் செலாஜினெல்லாவின் உறவுக்காரர்கள். அவற்றின் கூட்டத்தில் லெப்பிடோகார்ப்பான் என்ற கூம்புவகை கலனுக்கு ஒரே பெருவித்தி என்ற நிலைக்கு வந்து, அதை இலையாலேயே போர்த்தியும் வைத்திருந்தது. விதைக்கு ஒரு படி குறைவு. அந்த வழி வந்தவர்கள் இன்று இல்லை.

இடைநிலையில் ஏதாவது இன்று உயிரோடு இருக்கிறதா?

ஆஸ்திரேலியாவின் பிளாட்டிசோமா. சிறு வித்தியிலிருந்து நூல்போன்ற ஆணுடல் வருகிறது. பெரிய வித்தியிலிருந்து வரும் தகடு முதலில் முட்டையையும் பிறகு விந்தணுவையும் உண்டாக்குகிறது. இரண்டும் வித்திச் சுவருக்கு வெளியேதான் வளர்கின்றன. பாதி வழியில் நிற்கும் செடி என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்ள நமக்கு ஆதாரம் இல்லை.

மாஸ் தாவரங்களில்?

சிலவற்றில் இரண்டு அளவு வித்திகள் உண்டு. சிறியவை குட்டை ஆண்களாகிப் பெண் செடியின்மேலேயே வாழும். வித்திச் சுவருக்குள்ளேயே உடல் வளர்வது கிடையாது. பெரும்பாலோர் இதைத் தனிப் பெயரிட்டுத் தள்ளி வைக்கிறார்கள்.

பெருவித்தி எப்படி விதையானது?

தாய் அதைக் கைவிடாததால்.

நான்கு பெருவித்திகள் ஒன்றாகக் குறைந்தன. அந்த ஒன்று கலனைவிட்டு வெளியே வரவே இல்லை. அதற்குள்ளேயே பாலணுத் தாவரம் வளர்ந்தது, முட்டை உண்டானது. கலனைச் சுற்றி உறை ஒன்று எழுந்து, நுனியில் ஒரு துளை மட்டும் விட்டது. இந்தத் தொகுப்புக்குப் பெயர் சூல். கருவுற்றால் விதை. பெல்ஜியத்தில் கிடைத்த 38.5 கோடி ஆண்டுப் பழமையுள்ள ருன்கேரியா என்ற புதைபடிவத்தில் இந்த உறை இன்னும் மூடாமல், விரல்விரலாகக் கலனைச் சுற்றி நிற்கிறது.

ஊசியிலை மரமொன்றின் விதையைப் பிளந்தால் மூன்று தலைமுறை தெரியும்: வெளியே தாயின் உறை, நடுவே பெருவித்தி வளர்ந்து ஆன பாலணுத் தாவரம், அதற்குள் பேரன்தலைமுறையான கரு. நடுவே உள்ள அந்த வெண்பருப்பு வேறொன்றுமில்லை. பெரணியின் இதயத்தகட்டுக்கு ஒப்பானது அதுவே.

பூக்கும் தாவரத்தில் இரண்டு வித்திகளும் எங்கே ஒளிந்திருக்கின்றன?

நுண்வித்தி மகரந்தப்பையில். பெருவித்தி சூலுக்குள். அங்கே ஒரு தாய்ச்செல் பகுப்படைந்து நான்கு பெருவித்திகள் வரிசையாக நிற்கும். வழக்கமாக மூன்று சாகும். மிஞ்சிய ஒன்றின் உட்கரு மூன்று முறை பிரிந்து எட்டாகி, ஏழு செல்கள் கொண்ட கருப்பை உருவாகும். பெண் பாலணுத் தாவரத்தின் முழு உடலும் அவ்வளவுதான்.

ஒரு முரண்: இங்கே 'பெரு', 'நுண்' என்ற பெயர்களுக்குப் பொருளே இல்லை. பல செடிகளில் பெருவித்தி நுண்வித்தியைவிடப் பெரியதல்ல. தாய் கூடவே நின்று ஊட்டும்போது முன்கூட்டி மூட்டை கட்ட வேண்டியதில்லையே.

மகரந்தத் துகள்தான் நுண்வித்தியா?

பிறக்கும்போது ஆம், காற்றில் பறக்கும்போது இல்லை. அதற்குள் செல் பிரிந்துவிடுகிறது. பூக்கும் தாவரங்களில் இரண்டு அல்லது மூன்று செல்கள். அதாவது, நுண்வித்தியின் சுவரைப் போர்த்திக்கொண்ட ஆண் பாலணுத் தாவரம் அது.

இந்த ஒப்புமைகளை முதலில் கண்டவர் யார்?

வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் குடும்பத்தின் இசைநூல் பதிப்பகத்தில் வேலை, பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது, கடுமையான கிட்டப்பார்வை. 1851-ல், தம் 27-ஆம் வயதில், மாஸ், பெரணி, செலாஜினெல்லா, ஊசியிலை மரம் எல்லாவற்றிலும் அதே இரண்டு தலைமுறைகள் மாறிமாறி வருவதை வெட்டிப் பார்த்து, வரைந்து காட்டினார். டார்வினும் வாலஸும் தங்கள் கருத்தை வெளியிட்டது அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்துத்தான்.

விதைத் தாவரங்களில் விந்தணு நீந்துவதே இல்லையா?

பெரும்பாலானவற்றில் இல்லை, மகரந்தக்குழல் முட்டைவரை கொண்டுபோய்விடுகிறது. ஆனால் 1896-ல் ஜப்பானில் ஹிரசே என்பவர் கிங்கோ மரத்தின் சூலில் நீந்தும் விந்தணுவைக் கண்டார். அதே ஆண்டு இகெனோ சைகஸில் கண்டார். இந்த மரங்களிலும் மகரந்தக்குழல் உண்டு, ஆனால் அது திசுவுக்குள் வேர்போலக் கிளைத்து உறிஞ்சத்தான். நேரம் வரும்போது குழலின் அடி வெடிக்கும். சைகஸ் வகை மரங்களில் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும் அளவுள்ள விந்தணு, ஆயிரக்கணக்கான கசையிழைகள் துடிக்க வெளியே விழும். மழையும் வேண்டாம், குளமும் வேண்டாம்; சூலுக்குள் அதற்கென்று ஒரு துளி நீர் தேங்கியிருக்கும். அந்தத் துளியின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்தி முட்டையைச் சேரும்.